வராத நாலு சுரம்

“அதே இடத்துல மறுபடியும் வழுக்கிட்டீங்கம்மா,” என்றார் ஒலிப்பதிவாளர், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து. அது பதினாறாவது டேக்.

அந்தப் பக்கம் புல்லாங்குழலோடு நின்றவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். “இன்னொரு தடவை போலாம் சார்.”

இருபது வருடத்துக்கு முன் ஊரே பார்த்த தொடர். மறுபடி ஒளிபரப்பப் போகிறார்கள். மூல நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டது. கரகரவென்று ஒரு பிரதிதான் மிச்சம். அதைக் கேட்டுக் கேட்டு முகப்பு இசையைப் புதிதாகப் பதிய வேண்டும். வேறொருவரை வாசிக்க வைத்து முன்னோட்டம் விட்டதற்கே ரசிகர்கள் கிழிகிழியென்று கிழித்துவிட்டார்கள். அசல் மாதிரியே வராவிட்டால் உங்களையே மாற்றிவிடுவோம் என்று சேனல்காரர்கள் இசையமைப்பாளரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

மற்ற வாத்தியமெல்லாம் அச்சாக வந்துவிட்டது. குழல்தான் பாக்கி. நடுவில் நாலு சுரம் மேலே ஏறி, விழப்போகிற மாதிரி தள்ளாடி இறங்கும். அங்கேதான் இவள் தடுக்கினாள். ஒரு தடவை அவசரமாக இறங்கினாள். இன்னொரு தடவை தள்ளாடவே இல்லை.

ஒலிப்பதிவாளருக்குப் பாவமாக இருந்தது. அவளுக்கு இதுதான் முதல் பெரிய வாய்ப்பு. கோட்டைவிட்டால் இனி இந்தக் கட்டடத்துக்குள் யாரும் கூப்பிடமாட்டார்கள். அவளும் விடுவதாக இல்லை. சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னபோதும் நகரவில்லை.

பதினேழும் போயிற்று.

இருபது வருடத்துக்கு முன் வாசித்தவளையே கூப்பிடலாமே என்று ஒலிப்பதிவாளர் மூன்றாவது முறையாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசையமைப்பாளர் முகம் சுண்டியது. அன்றைக்கு அந்தப் பெண் டைட்டிலில் தன் பேரைப் போடச் சொன்னாள். கூலிக்கு வாசிக்கிறவளுக்குப் பேர் ஒரு கேடா என்று வாசலைக் காட்டியவர் இவர். அதன்பின் எந்த ஸ்டுடியோவும் அவளைச் சேர்க்கவில்லை. எங்கேயோ கம்பெனியில் பெட்டி சுமக்கிறாள் என்று கேள்வி.

“வந்தா சும்மா வருவாளா? தலைமேல ஏறி உக்காருவா.”

“வியாழக்கிழமை ஒளிபரப்பு சார். இந்தம்மாவுக்கு அந்த நாலு சுரம் வரவே வராது. எழுதி வச்சுக்கோங்க.”

இசையமைப்பாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “தேடிப் பிடி. என்ன கேட்டாலும் சரின்னு சொல்லித் தொலை,” என்று கதவை அறைந்துவிட்டுப் போனார்.

ஒலிப்பதிவாளர் விஷயத்தை மைக்கில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் அழவில்லை, பரவாயில்லை சார் என்று தலையாட்டினாள். உள்ளே இருக்கும் மைக்கை நிறுத்தக் கை நீட்டினார். மைக் இன்னும் அணையவில்லை, அவர் காதில் ஹெட்போனும் இருந்தது.

அவள் செல்போனை எடுத்து யாரையோ அழைத்து, ஸ்டாண்டில் சாய்த்து வைத்தாள். குழலை உதட்டில் பொருத்தினாள். நாலு சுரமும் ஏறின. தள்ளாடின. இறங்கின. மயிரிழை பிசகவில்லை.

“இப்படித்தானே வாசிச்சே, மறந்துடலையே அக்கா?” என்றாள் போனில். “கூப்பிடுவாங்க. டைட்டில்ல பேர் போடுறோம்னு எழுதிக் கொடுத்தப்புறம் குழலைத் தொடு.”