மாசி மாத டிக்கெட்

"உங்கம்மா காரியம் முடியட்டும். அப்புறமா நாம கெளம்பலாம்" என்றார் தேவதாஸ். அடுத்த அறையில் அவர் மனைவி வேலம்மா விழித்தபடிதான் படுத்திருந்தாள். கதவும் திறந்துதான் இருந்தது.

மடிக்கணினியில் விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்த மகள் மாதவி நிமிரவில்லை. "மெதுவா பேசுங்கப்பா. வாதம் வந்து அம்மாவுக்குப் பேச்சுதான் போச்சு, காது நல்லா கேக்கும்."

"கேக்கட்டும். அவளுக்குத் தெரியாததையா சொல்லிட்டேன்?"

மலேசியாவின் கோலசிலாங்கூர் படகுத்துறையில், மின்மினி பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் கிழித்தே ஆளானவர் தேவதாஸ். எங்கெங்கிருந்தோ வரும் வெள்ளைக்காரர்கள் ஆற்றங்கரை மரங்களில் மினுங்கும் பூச்சியைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒரு நார்வேக்காரன், தன் ஊரில் பனிக்கால இரவுகளில் வானமே பச்சையாக எரியும் என்று கைப்பேசியில் படம் காட்டினான்.

அன்று பிடித்தது அவருக்கு இந்த வைராக்கியம். "அவன் நம்ம ஊரு வெளிச்சத்தப் பார்த்துட்டான். அவன் ஊரு வெளிச்சத்த நான் பார்க்காம விட்டா, எனக்கென்ன மரியாதை?"

ரவாங்கில் வேலை பார்க்கும் மாதவிதான் செலவைச் சுருக்க வழி தேடினாள். நார்வேயில் ஓட்டல் வேண்டாம். அடுக்குக் கட்டில் போட்ட விடுதி போதும். குளிர்க்கோட்டு, பழைய துணி விற்கும் பண்டல் கடையில் கிடைக்கும். அரிசியும் நெத்திலி சம்பாலும் பெட்டியிலேயே போகும்.

"ஏர்போட்டுல சம்பால புடிச்சிட்டா?" என்றாள் மாதவி.

"புடிச்சா அவனுக்கும் ஒரு கரண்டி குடு லா. அவனும் மனுசன்தான்."

இழுபறியெல்லாம் தேதியில்தான். மாசி மாதத்துக்கு இப்போதே எடுத்தால் மலிவு விலை டிக்கெட் இருந்தது. மாதவியோ அடுத்த மாதமே கிளம்பலாம் என்று நின்றாள். அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை.

"மீனு கொஞ்சம் மலிவுன்னா பாகான் நக்கோடா ஓமார் வரைக்கும் மோட்டார் ஓட்டுறவ நீ. இப்ப என்ன புதுசா ஊதாரித்தனம்?"

"அம்மாவ அத்தை பார்த்துக்குறேன்னு சொல்லிட்டாங்கப்பா. போய்ட்டு வந்துடலாம்."

தேவதாஸ் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்தார். போன மாதம் வேலம்மாவின் வழக்கமான சோதனைக்காக மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். போன இடத்தில் அவருடைய வயிற்று எரிச்சலுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்து அனுப்பினார்கள். முடிவு கேட்க மாதவி மட்டும் போனாள்.

திரும்பி வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பொங்கல் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருப்பா."

தேவதாஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. சாவுப் பேச்சைப் பெயர் சொல்லிப் பேசும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. மறுநாளே பந்தல்காரனிடம் சொல்லிவைத்தார். பேப்பரில் போடுவதற்காக, அறுபதாம் கல்யாணத்தில் இருவரும் மாலையோடு நின்ற படத்தில் தன்னை வெட்டி எடுத்துவிட்டு, வேலம்மாவை மட்டும் பத்திரப்படுத்தினார். குடும்பத் தலைவன் என்றால் எதையும் முன்கூட்டியே செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி.

"எல்லாம் யோசிச்சிட்டேன்" என்றார் இப்போது. "பொங்கலோட அவ போயிட்டா, தையிலயே பதினாறாம் நாள் கருமாதி முடிஞ்சிரும். மாசியில நாம ஏறிடலாம். வருசம் திரும்புற வரைக்கும் கோயிலுக்குத்தான் போகக்கூடாது. ஐஸ் பார்க்கக் கூடாதுன்னு எந்தப் பெரியவனும் சொல்லல."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அவர் எழுந்து போய்ப் பார்த்தார். வேலம்மாவின் முகத்தில் உயிருள்ள பாதி மட்டும் சுருங்கி, கண்ணீர் தலையணைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அழுது என்னா ஆவப் போவுது? எல்லாரும் ஒருநாள் போறதுதான். ஒனக்கு ஒரு குறையும் இல்லாம செஞ்சு அனுப்புறேன்."

அவள் நல்ல கையால் அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். விடவே இல்லை. சாகிறவர்களுக்கு இப்படியெல்லாம் பயம் வரும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார்.

மாதவி இன்னும் அடுத்த மாதத்து டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெலைய நான் பார்த்துக்கிறேன்பா. அடுத்த மாசமே போலாம். ப்ளீஸ்பா."

"பொண்டாட்டி சாகக் கெடக்குறா, புருசன் ஐஸ்ல நின்னு பல்லக் காட்டுறான்னு கெர்லிங் ஊரு வரைக்கும் சிரிப்பானுங்க. அந்தப் பேரு இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம். மாசிக்கே போடு."

"மாசி முடியாதுப்பா."

"ஏன் முடியாது? அதுக்குள்ள அந்த வெளிச்சம் அணைஞ்சிருமா? பொங்கல் தாண்டாதுன்னு ஒங்கிட்டதான டாக்டரு சொன்னாரு?"

மாதவி மடிக்கணினியை மூடினாள்.

"அவரு அம்மாவச் சொல்லலப்பா."