சின்னவள்

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட இரட்டைப் பெண்களில் சின்னவள் தேறமாட்டாள் என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து, எஸ்தர்ராணி அவளுடைய கண்ணாடிப் பெட்டிப் பக்கமே போகவில்லை. பார்த்துப் பழகிவிட்டால் தாங்க முடியாது என்று பயந்தாள். பெரியவளிடம் மட்டும் போய் உட்கார்ந்தாள். ஷைனி என்று பேர் வைத்தாள். பெட்டிக்குள் கையை விட்டு, கட்டைவிரல் அளவேயிருந்த பாதத்தைத் தொட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் வாங்கப்போகும் கவுன்களைப் பற்றியெல்லாம் பேசினாள்.

பதினோராம் நாள் காலையில் பெரியவளுக்குக் கிருமித்தொற்று. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

புருஷன் பெரியவளைத் துணியில் பொதிந்து எடுத்துப்போன பிறகு, நர்ஸ் புஷ்பலீலா வந்தாள்.

"சின்னவ இன்னைக்கு இருபது கிராம் கூடியிருக்கா. வந்து பாருங்கம்மா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது சிஸ்டர்? நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல."

"அவளுக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியுமே."

நர்ஸ் அவளைக் கைகழுவ வைத்துக் கூட்டிப்போனாள். பெட்டிக்குள்ளே, மூக்கில் குழாயோடு ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. எஸ்தர்ராணி குனிந்தாள்.

"நான்தான்," என்றாள். "உங்கம்மா."