அவனுக்காக ஓர் இருமல்

காலையில் கைபேசியிடம் இருமிக் காட்டினால்தான் பேருந்து ஓட்டுநர்களுக்கு அன்றைக்கு வண்டி. டிபி இருந்தால் இருமலே காட்டிக்கொடுத்துவிடும், வேலையும் போய்விடும். தணிகாசலத்தின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்பது வீட்டில் தெரிந்ததுதான். அதனால் மழைக்காலம் தொட்டு அவனுக்காக மனைவி கோமளாதான் இருமி வந்தாள். பச்சை விளக்கு எரியும். அவன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

இன்றும், ராத்திரிக் காய்ச்சல் விட்டும் விடாத அலுப்போடு எழுந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு இருமினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. “டிபி. வண்டி கிடையாது,” என்றது கைபேசி.

“என்னா கோமு, சரியா இருமலியா? இன்னொரு தபா இருமு,” என்றான் தணிகாசலம், சட்டைப் பொத்தானைப் போட்டபடியே.

இருமினாள். மறுபடியும் சிவப்பு.

கோமளா கைபேசியைக் கீழே வைத்தாள். இருமல் நிற்கவில்லை. பொத்தானில் இருந்த அவன் விரல்கள் அப்படியே நின்றன.