பன்னிரண்டு வோல்ட்

லங்காவித் தீவின் படகுப் பட்டறையில், கட்டைமேல் ஏற்றி நிறுத்திய பாய்மரப் படகுக்குள் அனல் கொதிக்கிறது. மின்வேலைக்காரன் ஜம்ரி கருகிய வயரைத் தூக்கிக் காட்டுகிறான். "பன்னெண்டு வோல்ட்டுல நங்கூர மோட்டாரு இழுக்குற இழுப்புக்கு வயரு வெந்துபோச்சு, மேடம். இதைவிடத் தடியானது வயரு போற குழாய்க்குள்ள நுழையாது. இருபத்துநாலுன்னா கரண்டு பாதிதான் ஓடும், இதே தடிமன் போதும்." படகுக்காரி ஆனெக்கே தோளைத் தடவிக்கொள்கிறாள். "கையால நங்கூரம் தூக்க என்னால முடியாது. மாத்திடுப்பா. இவருக்குத்தான் பன்னெண்டோட கல்யாணம், என்னைக் கட்டுறதுக்கு முன்னாடியே." அவள் கணவர் வில்லெம் சிரிக்கவில்லை. படகின் அத்தனை வயரையும் இழுத்துப் பொருத்தியவர் அவர்தான். போன வருடம் பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஜம்ரி வெட்டுக்குறட்டை விரிக்க, வில்லெமின் இடது கை பாய்ந்து வயர்க்கட்டைப் பற்றிக்கொள்கிறது. வாய் கோணிக் கோணித் திறக்கிறது, எச்சில்தான் வழிகிறது. "கேப்டன், கையை எடுங்க, வெட்டிடும்," என்கிறான் ஜம்ரி. ஆனெக்கே ஒவ்வொரு விரலாகப் பிரிக்கிறாள், ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று மூடிக்கொள்கிறது. "ஏதாவது ஆபத்துன்னு சொல்றாரா, இல்ல வெறும் பிடிவாதமா? உனக்குத்தான் வயரு தெரியுமே, சொல்லேன்." வில்லெமின் கண்கள் ஜம்ரியை விட்டு அசையவில்லை. "தெரியல, மேடம்," என்கிறான் ஜம்ரி. விரிந்த வெட்டுக்குறட்டை அவனால் மூடவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.