குரைப்புப் பதிவேடு

"ஒண்ணு ரெண்டு இல்ல மேடம், அஞ்சு நாய்! மனுஷன் குடியிருக்கறதா, வேண்டாமா?"

சுகாதார ஆய்வாளர் ஜீப்பிலிருந்து ஒரு காலைக் கீழே வைப்பதற்குள் நூலகர் ஆரம்பித்துவிட்டார்.

ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடம். மொத்தம் எட்டே வீடு. நூலகர் குடிவந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஆனால் தெருவையே வாசகசாலை ஆக்கிவிட்டார். யாராவது சத்தமாகத் தும்மினால்கூட ஜன்னல் வழியாக "உஷ்!" என்பார். தெருவில் அவருக்குப் பெயரே உஷ் சார்.

"செருப்பை வாசல்லயே விட்டுடுங்க மேடம். வெள்ளை டைல்ஸ். ரெண்டு வருஷமா ஒரு கறை படலை."

உட்கார்ந்ததும் ஒரு தடிமனான நோட்டை நீட்டினார். அட்டையில் முத்து முத்தாக, 'குரைப்புப் பதிவேடு'. உள்ளே தேதி, நேரம், எத்தனை குரைப்பு, எந்த நாய் என்று கட்டம் போட்டு வைத்திருந்தார். மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைத்தபடி ஆய்வாளர் புரட்டினார்.

"தினமும் காலையில ஒன்பது பத்து, சாயந்தரம் அஞ்சு நாற்பது. மத்த நேரத்துல?"

"மத்த நேரத்துல சும்மா இருக்கும். சாமர்த்தியம் மேடம், சாமர்த்தியம்!"

"வெள்ளிக்கிழமை எல்லாம் காலியா இருக்கே?"

"அன்னைக்கு நூலகம் லீவு."

"நூலகத்துக்கு லீவுன்னா நாய்க்கும் லீவா சார்?"

நூலகர் சிரிக்கவில்லை. "புகாரை மட்டும் பாருங்க. அஞ்சையும் ஒரு வாரத்துல இங்கேருந்து அப்புறப்படுத்தணும். முக்கியமா அந்தப் பழுப்பு நாய். அது ஒண்ணு போனாக்கூடப் போதும்."

ஆய்வாளர் தெருவுக்கு வந்ததும், நாய்களை வளர்க்கிற அடுத்த வீட்டு டெய்லரம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். கையில் அளவு டேப், கண்ணில் தண்ணீர்.

"எல்லாம் யாரோ விட்டுட்டுப் போனதுங்க மேடம். இங்கேருந்தும் துரத்திட்டா எங்கே போகும்? சத்தம் வரக்கூடாதுன்னு என்னாலானதெல்லாம் செய்யறேன். வந்து பாருங்க."

பார்த்தார். தெருவில் போகிற ஆளைப் பார்த்தால்தானே குரைக்கும் என்று கம்பிக் கேட் முழுக்கச் சாக்குத் துணியைத் தைத்துக் கட்டியிருந்தாள். தட்டுக்குச் சண்டை வரக்கூடாதென்று ஐந்து தட்டு, ஐந்து மூலையில். விடியும்முன் இரண்டிரண்டாக வயல் பக்கம் நடத்திக் கூட்டிப்போவாளாம். கழிவுக்குக் கொல்லையில் குழி, மேலே மூடி. மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தும் ஆய்வாளருக்கு ஒரு நாற்றமும் கிடைக்கவில்லை. நான்கு நாய்கள் நிழலில் அக்கடா என்று கிடந்தன. பழுப்பு நாய் மட்டும் கேட்டை ஒட்டி, காதை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இது எப்பவும் இப்படித்தான். பைபாஸ் பாலத்துக்கிட்ட மழையில நின்னுச்சு. போற வண்டியெல்லாம் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு. பாவமா இருந்துச்சு, தூக்கிட்டு வந்துட்டேன்."

"எவ்வளவு நாளாச்சு?"

"சார் குடிவர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி."

"கதை கேக்கவா வந்தீங்க?" நூலகர் தெருவிலிருந்தே கத்தினார். "நடிக்குது மேடம் அது! நான் கிளம்பினாத்தான் அதோட சுயரூபம் தெரியும். இருங்க, வண்டியை ஸ்டார்ட் பண்றேன். உங்க காதாலயே கேளுங்க!"

ஸ்கூட்டரை உதைத்தார். வண்டி படபடத்ததோ இல்லையோ, பழுப்பு நாய் கேட்டுக்கும் சுவருக்குமாகத் துள்ளித் துள்ளிக் குரைக்க ஆரம்பித்தது.

"பாத்தீங்களா! எழுதிக்கோங்க!"

ஆய்வாளர் எழுதவில்லை. நாயின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆடுகிற ஆட்டத்தில் இடுப்பே கழன்றுவிடும் போலிருந்தது.

"அம்மா, கேட்டைத் திறங்க."

"ஐயோ, திறக்காதீங்க! கடிச்சிடும்!" நூலகருக்கு முகம் வெளிறிவிட்டது.

கேட் திறந்தது. பாய்ந்து வந்த நாய் கடிக்கவில்லை. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் தாவி ஏறி, நூலகரின் இரண்டு முழங்காலுக்கும் நடுவே நுழைந்து, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டது. குரைப்பு பட்டென்று நின்றுவிட்டது.

"என்ன சார் இது?"

"எனக்கென்ன தெரியும்? தெருநாய்! எதுல வேணாலும் ஏறும்!"

"சரி, இறக்கி விடுங்க."

நூலகர் முழங்காலால் தள்ளினார். அசையவில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். கையை நக்கியது. தெருவில் மற்ற வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துவிட்டன. மனுஷனுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"எறங்குடா பைலட்!"

நாய் சட்டென்று இறங்கி, அவர் காலடியில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தது.

தெரு முழுக்க, நூலகர் ஆசைப்பட்ட அந்த அமைதி.

டெய்லரம்மா நாயின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "பைலட்டா உன் பேரு? ரெண்டு வருஷமா எத்தனை பேர் வெச்சுக் கூப்பிட்டிருப்பேன்! ஒண்ணுக்காவது திரும்பினியாடா?"

ஆய்வாளர் புகார் மனுவை எடுத்தார். 'தொல்லைக்குக் காரணமானவர்' என்ற கட்டத்தில் இருந்த டெய்லரம்மாவின் பெயரை நிதானமாக அடித்தார். பிறகு பேனாவை நூலகரிடம் நீட்டினார்.

"உங்க கையெழுத்து அழகா இருக்கு சார். சரியான பேரை நீங்களே எழுதிடுங்க."