சாவிச் சத்தம்

குவார்ட்ஸ் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவே வேண்டாம், பேட்டரி போதும் என்று திலகவதி எவ்வளவு சொல்லியும் இன்னாசிமுத்துவின் முகம் தெளியவில்லை. ரயில் ஓட்டுநர்களுக்கென்று அவள் வடிவமைத்த முதல் பாக்கெட் கடிகாரம் அது. ஓட்டுநரான அவர் சரி என்றால்தான் தொழிற்சாலையில் மற்றவை உருவாகும்.

அவர் சாவித் திருகைச் சுற்றினார். “வெண்ணெயில விரல வச்சமாதிரி வழுக்குதேம்மா. சாவி குடுத்துட்டுத்தான் நான் வண்டியையே எடுப்பேன்.”

“உங்க பழசைவிட நல்லா நேரம் காட்டும் சார்.”

“காட்டும்மா. என் கை நம்பணுமே.”

திலகவதி அதைத் திரும்ப வாங்கி, உள்ளே ஒரு சிறிய பல்சக்கரம் வைத்தாள். திருகினால் கரகரவென்று ஒலிக்கும். வேறு எதையும் அசைக்காது. அவரிடம் அதை மறைக்கவுமில்லை. “தெரியும், தெரியும்” என்று அவர் திருகி, காதில் வைத்துக் கேட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனார்.

அடுத்த வாரம் அவளைத் தேடி வந்தார். “நேத்து சாவி குடுக்க மறந்துட்டேம்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “ஆனாலும் கோவிச்சுக்காம ஓடுது, பாருங்க. இதையே எல்லாருக்கும் குடுக்கச் சொல்லிட்டேன்.”

அவர் விளையாடுகிறாரா என்று திலகவதிக்குத் தெரியவில்லை. கடிகாரத்தை வாங்கி, அவர் கண்முன்னாலேயே அதற்கு நிதானமாகச் சாவி கொடுத்தாள்.