ஜாலி இல்லாத வீடு

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்காதீர்கள். இப்போது ரோகிணி ஜன்னல் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஏ.எஸ்.ராவ் நகருக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். இந்த ஊரில் பேசுகிற தெலுங்கும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. கணவன் ஸ்ரீகாந்த் ஆபீஸ் வேலையாகப் புனே போயிருந்தான். வீட்டில் அவளும் கைக்குழந்தை பானுவும்தான்.

ஜன்னல் கண்ணாடி ஓடுகிற பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாள். முந்தைய குடித்தனக்காரர்களின் அழுக்கெல்லாம் கறுப்புக் கறுப்பாகக் கிளம்பி வந்தது. ஈரத் துணியால் துடைத்து, கண்ணாடி பளிச்சென்று ஆனதும் இழுத்துச் சாத்திவிட்டாள். வேறு வழியில்லை. திறந்தால் கொசு, சாத்தினால் புழுக்கம். குழந்தையின் கன்னமெல்லாம் ஏற்கெனவே சிவப்புத் தடிப்பு. முந்தின நாள் முழுக்க அழுதே ஓய்ந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் மாடி வீட்டு மங்களம் எட்டிப் பார்த்தாள். இதே ஊரில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். பேச்சில் பாதி தமிழ், மீதி இந்த ஊர்.

குழந்தையின் கன்னத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ரோகிணியைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்த வயசுல ஒரு பிள்ளையையும் வெச்சுக்கிட்டு, ஜாலியே இல்லாம எப்படிம்மா இருக்கே?"

ரோகிணி சிரித்து வைத்தாள். "அவங்க ஊர்ல இல்லைல்லா ஆன்ட்டி. வந்தப்புறம்தான்."

"அவர் வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நக்கோமா, வேண்டவே வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் இருக்கான், சுனில்னு. நாளைக்கு அனுப்பறேன். வீட்டுக்காரர் இல்லாதப்பவே முடிச்சுட்டா இடைஞ்சல் இல்ல பாரு. நல்லா ஜாலி பண்ணிட்டுப் போயிடுவான்."

ரோகிணியின் கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது.

மறுநாள் பெல் அடித்தது. கதவு ஓட்டை வழியாகப் பார்த்தாள். முறுக்கு மீசையோடு ஒருவன். இடுப்பில் இன்ச் டேப் வேறு. இதற்கு எதற்கு அளவு என்று அவளுக்கு விளங்கவில்லை.

"மேடம்? ஜாலி?" என்றான். பல்லெல்லாம் தெரிந்தது.

ரோகிணி மூச்சுக் காட்டவில்லை. சத்தமில்லாமல் மேல்தாழ்ப்பாளையும் போட்டாள். அவன் இன்னும் ரெண்டு தடவை பாட்டுப் போல இழுத்து இழுத்துக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, படியிறங்கிப் போனான்.

ஸ்ரீகாந்துக்கு போன் போட்டாள். அவன் மீட்டிங்கில் இருந்தான். மங்களம் ஆன்ட்டி ஏதோ ஜாலி அது இதுன்னு பேசுகிறாள் என்று ஆரம்பித்ததுமே, நல்ல விஷயம்தானே, நீயும் எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பாய் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வரும். அதற்கு முன்னால் செக்ரட்டரியைப் பார்த்துவிடலாம்.

தரைத்தளத்து இருதயராஜ்தான் அசோசியேஷன் செக்ரட்டரி. அவரும் தமிழர்தான், ரொம்ப காலமாக இந்த ஊர். நரைத்த தலை, ஞாயிறு தவறாத சர்ச், அதிர்ந்து பேசாத மனிதர். ரோகிணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனாள். அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை. மென்று விழுங்கி, மங்களம் ஆன்ட்டி ஒரு ஆளை அனுப்புகிறாள், அவன் வாசலில் நின்று ஜாலி வேண்டுமா என்று கேட்கிறான் என்று எப்படியோ சொல்லி முடித்தாள்.

இருதயராஜ் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஹவ், ஆமாமா, சுனில்தானே? கைசுத்தமான ஆளும்மா. போன மாசம் எங்க வீட்டுலயும் அவன்தான் ஜாலி பண்ணினான். எல்லா ரூம்லயும். என் மிஸ்ஸஸ்தான், பால்கனியிலயும் வேணும்னு ஒரே பிடிவாதம்."

எப்படிப் படியேறினாள் என்று ரோகிணிக்கே தெரியாது. வந்ததும் ஸ்ரீகாந்துக்கு நீளமாக மெசேஜ் அடித்தாள். இந்த பில்டிங்கில் ஒருத்தரும் சரியில்லை, நாளைக்குள் வேறு வீடு பார்க்காவிட்டால் குழந்தையோடு ஊருக்கு ரயில் ஏறிவிடுவேன் என்று. பிறகு எல்லா ஜன்னலையும் இன்னொரு தரம் அழுத்திச் சாத்தினாள். உள்ளே மாட்டிக்கொண்ட கொசுக்களுக்கு அதுவும் சௌகரியமாகப் போயிற்று.

காலையில் மறுபடியும் பெல். இந்தத் தடவை மங்களமே வந்திருந்தாள். பக்கத்தில் அந்த மீசை.

ரோகிணி சங்கிலியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். கேட்டுவிட வேண்டியதுதான்.

"ஆன்ட்டி, உங்க வயசுக்கு மரியாதை குடுத்துதான் இவ்வளவு நேரம் நான்..."

சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒன்றை சுனில் தூக்கிக் காட்டினான். அலுமினியச் சட்டம். அதில் விறைப்பாக இழுத்துக் கட்டிய சன்னமான கம்பிவலை. விரலால் அதைத் தட்டினான்.

"ஜாலி, மேடம்."

மங்களம் விடவில்லை. "இவன் அளவெடுக்க வந்தா நீ கதவையே திறக்கலையாம். இனிமே அளவெடுத்துப் புதுசு செய்யறதுன்னா ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் குழந்தை கடி வாங்கணுமா? எல்லா ஃபிளாட்டுக்கும் ஒரே அளவு ஜன்னல்தான். அதான் நேத்து சாயங்காலமே என் பெட்ரூம்ல இருந்ததைக் கழட்டித் தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். எனக்குப் புதுசு வரட்டும், மெதுவா."

ரோகிணி வலையைப் பார்த்தாள். சட்டத்தைப் பிடித்திருந்த மங்களத்தின் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது.

சங்கிலியைக் கழற்றினாள்.

"ஆன்ட்டி... இந்த ஊர்ல ஜாலின்னா, கொசுவலையா?"

"பின்ன?" என்றாள் மங்களம், கையைச் சொறிந்துகொண்டே. "நீ என்னன்னு நினைச்சே?"